வளாகம் எல்லோருக்கும்: இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இனவாதத்துக்கு எதிரான கோரிக்கைச் சாசனம்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும், துணைவேந்தர்களுக்கும், பேரவை, மூதவை உறுப்பினர்களுக்கும், எல்லா மாணவர் ஒன்றியங்களுக்கும்.

நாங்கள் இந்த நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்கள், படிப்பிக்கிறவர்கள், படித்து வெளியேறியவர்கள். தமிழ் பேசுகிறவர்கள். எங்களில் யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் மட்டக்களப்பாரும் இருக்கிறார்கள், மலையகத் தமிழர் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள். ஒரு இனத்தின் மனக்குறைப் பட்டியலாக இதை வாசிக்க வேண்டாம். தெற்கில் படிக்கும் தமிழ் மாணவிக்கு எதைக் கேட்கிறோமோ அதையே யாழ்ப்பாணத்தில் படிக்கும் சிங்கள மாணவனுக்கும் கேட்கிறோம். இடத்துக்கு இடம் அளவுகோல் மாறினால் அது நீதியாகாது.

போர் முடிந்த 2009 முதல் நல்லிணக்கத்தின் பேரில் எத்தனையோ கலைவிழாக்களைப் பார்த்துவிட்டோம். ஒரு பரதநாட்டியம், ஒரு கண்டிய நடனம், ஒரு கஸீதா, மேடையில் எல்லோரும் கைகோத்து ஒரு படம். மறுநாள் காலை விடுதி அலுவலகத்தில் அதே மாணவிக்குத் தன் மொழியில் ஒரு படிவம் இருக்காது. பன்மைத்துவம் என்பது மேடைக்கு உரியது, நிர்வாகத்துக்கு உரியது அல்ல என்ற எண்ணம்தான் எங்கள் வளாகங்களின் அடிப்படைக் கோளாறு. இந்தச் சாசனம் கேட்பதெல்லாம் நிர்வாகத்தில் செய்ய வேண்டியவை.

இந்த வரலாறு எல்லோரும் அறிந்தது. ஆனாலும் எழுதி வைக்கிறோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தோன்றி, 1952 இல் பேராதனைக்கு வந்தது. அங்கே எதிரிவீர சரச்சந்திர உருவாக்கி 1956 இல் அரங்கேற்றிய 'மனமே' சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றியது. அதன் வடிவம் நாடகம என்ற பழைய ஆட்டமரபிலிருந்து வந்தது, அந்த மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அதே வளாகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' அப்படித்தான் பிறந்தன. ஒரே வளாகத்தில், சில ஆண்டு இடைவெளியில் இரண்டு மொழிகளின் அரங்கும் புத்துயிர் பெற்றது. இன்று சிங்கள இலக்கியம் படிக்கும் மாணவர் எத்தனை பேருக்கு வித்தியானந்தன் பெயர் தெரியும்? தமிழ் படிக்கும் எங்களில் எத்தனை பேர் சரச்சந்திரவை வாசித்திருக்கிறோம்?

பிளவு வந்ததும் அதே வளாகங்களுக்குள்தான். 1956 இன் தனிச் சிங்களச் சட்டம், 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல், 1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர்கள் மேல் நடந்த தாக்குதல். அந்த மாணவர்கள் வளாகத்தை விட்டு ஓடி மூன்று மாதம் ஆகுமுன் கறுப்பு யூலை. மறுபக்கமும் உண்டு. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அங்கே சிங்கள மாணவர்களும் படித்தார்கள்; 1977 ஓகஸ்ட் வன்செயல்களோடு அவர்கள் தெற்கே போய்விட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் தமிழர் பெயரில் ஆயுதம் ஏந்தியவர்கள். கிழக்கிலும் வடக்கிலும் படிக்க முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களின் நெருக்கடியிலிருந்துதான் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. வன்செயல் ஒவ்வொன்றின் பின்னும் நாம் செய்தது பிரிந்து போவதுதான். சேர்ந்திருப்பதற்கான விதிகளை யாரும் எழுதவில்லை. அவற்றை இப்போது எழுதுங்கள் என்கிறோம்.

மொழி

முல்லைத்தீவிலிருந்து தென்னிலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தெரிவான மாணவியின் முதல் வாரத்தைப் பாருங்கள். விடுதி ஒழுங்குவிதிகள் இரண்டு பக்கம், சிங்களத்தில் மட்டும். கடைசியில் கையெழுத்து. வாசிக்கத் தெரியாத தாளில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். இரவு எத்தனை மணிக்கு வாசல் பூட்டும் என்பதையே ஒரு சிரேஷ்ட மாணவியிடம் கேட்டுத்தான் அறிகிறாள். விரிவுரை நேரம் மாறிய செய்தி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது: சிங்களம், ஆங்கில எழுத்தில். மருத்துவ நிலையத்தில் வயிற்றின் எந்தப் பக்கம் நோகிறது என்பதைக் கையால் காட்டுகிறாள். மனம் தாங்காமல் மாணவர் ஆலோசகரிடம் போனால் அங்கேயும் மொழி இல்லை. அழுவதற்குக்கூட மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது. பாடம் ஆங்கில மூலம், ஆகவே மொழிப் பிரச்சினை இல்லை என்று நிர்வாகம் சொல்கிறது. பாடம் ஒரு நாளில் ஆறு மணி நேரம். மிச்சப் பதினெட்டு மணி நேரத்தையும் அவள் அந்த வளாகத்தில்தான் கழிக்கிறாள்.

யாழ்ப்பாணத்துக்கு வரும் குருநாகல் மாணவனுக்கு இதே அனுபவம் தமிழில் நேர்கிறது. அதுவும் தவறு.

1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இன் பதினாறாம் திருத்தம் சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நிர்வாக மொழிகள் என்றது. 1991 இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. ஆகவே நாங்கள் புதிய உரிமை எதையும் கேட்கவில்லை. பதிவுப் படிவம், விடுதி விதி, பரீட்சை அறிவித்தல், ஒழுக்காற்றுக் கடிதம், மஹாபொல, பெர்சரி உதவித்தொகை விண்ணப்பம் ஆகிய அனைத்தும் மூன்று மொழிகளிலும் ஒரே நாளில் வெளியாக வேண்டும். "தமிழ்ப் பிரதி பின்னர் வரும்" என்ற வழக்கம் நிற்க வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சம்பளம் பெறும் மொழிபெயர்ப்புப் பிரிவு வேண்டும். மொழிபெயர்ப்பை மாணவர் தலையில் கட்டக்கூடாது. விடுதிப் பொறுப்பாளர், மருத்துவ நிலையத் தாதி, பாதுகாப்பு உத்தியோகத்தர், மாணவர் ஆலோசகர் ஆகிய நான்கு இடங்களில் எந்த நேரத்திலும் இரு மொழியும் தெரிந்த ஒருவராவது கடமையில் இருக்க வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் ஒன்றைத்தான் இந்த ஆண்டு நிறைவேற்ற முடியும் என்றால், இந்த நான்கு இடங்களிலிருந்து தொடங்குங்கள்.

மற்றவர் மொழியைக் கற்பது

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் சிங்கள மருத்துவ மாணவர்கள் கட்டிலருகே நின்று "அம்மா, எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று தமிழில் கேட்கப் பழகுகிறார்கள். கண்டியிலும் காலியிலும் தமிழ் மாணவர்கள் சிங்களத்தில் நோய் வரலாறு எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் நோயாளிதான் ஆசிரியர். வளாக வாழ்க்கையில் எங்களுக்கு மிகப் பெரிய நம்பிக்கை தருவது இந்தக் காட்சிதான். வேறு வழி இல்லாததால் கற்றார்கள். கற்றபின் அந்த மொழியின் மனிதர்கள் அவர்களுக்கு அந்நியராக இல்லை.

மருத்துவ பீடத்தில் தேவை கற்பித்ததை மற்றப் பீடங்களில் பாடத்திட்டம் கற்பிக்கட்டும். சட்டம், விவசாயம், பொறியியல், கல்வியியல், எந்தப் பட்டமானாலும் இரண்டாவது தேசிய மொழிக்குப் புள்ளியுள்ள பாட அலகு வேண்டும். வணக்கம், ஆயுபோவன் அளவில் நிற்கும் பத்து மணித்தியாலச் சான்றிதழ் வகுப்பு எங்களுக்கு வேண்டாம். வழக்காளியோடு பேசத் தெரிய வேண்டும், கமக்காரரோடு பேசத் தெரிய வேண்டும். வரலாறு, இலக்கியம், அரங்கியல் துறைகளில் மற்ற மொழியின் படைப்புகளை மொழிபெயர்ப்பிலாவது கட்டாயம் வாசிக்க வைக்க வேண்டும்.

முறைப்பாடு

கொட்டியா, தெமளா, தம்பியா, தோட்டக்காட்டான், சோனி, மோட்டுச் சிங்களவன். இவை எங்கள் விடுதிகளில் பகிடியாகப் புழங்கும் சொற்கள். சிலவற்றை எங்கள் மேல் வீசுகிறார்கள். சிலவற்றை நாங்கள் வீசுகிறோம். ஒரு மாணவி இதைப் பற்றி முறையிட வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? 1997 இல் பேராதனையில் ஒரு மாணவர் பகிடிவதையால் உயிரிழந்த பின், 1998 இன் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு முறைப்பாட்டு வழி உண்டு. இன இழிவுக்குத் தனி வழி இல்லை. "சின்ன விசயம், பெரிசாக்காதேங்கோ" என்ற அறிவுரைதான் கிடைக்கும். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் பார்த்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அந்த வாசகம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒழுக்காற்று விதியிலும் சொல்லுக்குச் சொல் ஏற வேண்டும். மூன்று இனங்களையும் சேர்ந்த ஆசிரியரும் மாணவரும் வெளியார் ஒருவரும் உள்ள குழு முறைப்பாட்டை விசாரிக்க வேண்டும். முறையிட்டவரின் மொழியில் விசாரணை நடக்க வேண்டும், ஒரு பருவத்துக்குள் முடிய வேண்டும். விரிவுரையாளர் மேல் முறைப்பாடு என்றால் அவர் அந்த மாணவரின் விடைத்தாளைத் திருத்தக்கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: பொலிஸுக்கோ உளவுப் பிரிவுக்கோ மேலதிக அதிகாரம் கேட்கவில்லை. வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க என்று 2007 இல் வந்த சிவில் அரசியல் உரிமைகள் சட்டத்தின் கீழ் 2019 இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார சிறை போனார். மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜசீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்தார். 2023 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2019 மே மாதம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் பிடித்ததும் அதே சட்டம்தான். 2022 ஓகஸ்டில், அரகலய மக்கள் போராட்டத்துக்குப் பின், அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகேயைப் பிடித்ததும் அதே சட்டம்தான். 1979 முதல் எங்கள் வீடுகளில் பழகிப்போன சட்டத்தைத் தெற்கின் இன்றைய தலைமுறை மாணவர் அன்றுதான் நேரில் கண்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எந்த மாணவர் மேலும், எந்த இனத்தவர் மேலும் வளாகத்துக்குள் ஏவ நிர்வாகங்கள் துணைபோகக் கூடாது. நிகழ்வுகளின் பங்கேற்பாளர் பட்டியலைப் புலனாய்வாளருக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கு இருந்தாலும் அது இன்றோடு நிற்க வேண்டும்.

விழா

2016 யூலை 16 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் மோதல் மூண்டது. வரவேற்பு ஊர்வலத்தில் கண்டிய நடனமும் இடம்பெறுமா என்பதே பிணக்கு. கல்லும் பொல்லும் பறந்தன, பலர் காயப்பட்டார்கள், வளாகம் மூடப்பட்டது, சிங்கள மாணவர்கள் பஸ்களில் ஊர் திரும்பினார்கள். தவிலும் நாதஸ்வரமும் அந்த மண்ணின் வரவேற்பு மரபு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்த வளாகத்தின் மேல் தமிழருக்கு உள்ள உரிமையுணர்வு எத்தனை இழப்புக்குப் பின் வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் தன் புதுமுக நண்பர்களை வரவேற்க ஒரு மாணவன் தன் மேளத்தைக் கொண்டுவந்தால் அது படையெடுப்பு ஆகாது. இராணுவம் தெருவில் வெசாக் பந்தல் போடுவது வேறு. ஒரு மாணவன் விடுதி வாசலில் வெசாக் கூடு கட்டுவது வேறு. முதலாவதன் மேல் உள்ள கோபத்தை இரண்டாவதன் மேல் காட்டக்கூடாது. அதுபோலத் தெற்கு வளாகங்களில் எந்த விழா என்றாலும் பிரித் ஓதுதலோடு தொடங்கி, மற்ற மதங்களுக்கு ஒரு குத்துவிளக்குத் திரி விட்டுவைப்பதும் மாற வேண்டும்.

ஒவ்வொரு பீடத்திலும் விழாக்களுக்கான எழுத்து நடைமுறை வேண்டும். எந்த மரபு எப்போது, எவ்வளவு நேரம், யார் முடிவு செய்வது என்பது ஒரு மாதம் முன்னரே, எல்லா இன மாணவரும் உட்கார்ந்த மேசையில் தீர்மானமாக வேண்டும். அன்று யாழ்ப்பாணத்தில் இல்லாமல் போனது இந்த மேசைதான்.

நாட்காட்டியும் அப்படியே. சித்திரைப் புத்தாண்டுக்கு வளாகங்கள் பல நாள் ஓய்கின்றன. தீபாவளிக்கு ஒரு நாள் விடுமுறை, மறுநாள் பரீட்சை. மாத்தறையிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்த் திரும்ப இரண்டு இரவு பஸ்ஸில் கழியும். ஆகவே அந்த மாணவன் போவதில்லை. தைப்பொங்கல், தீபாவளி, இரண்டு பெருநாட்கள், நத்தார் ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் பரீட்சை வைக்காதீர்கள். வெள்ளி ஜும்ஆ நேரத்தில் ஆய்வுகூட வகுப்பு வைக்காதீர்கள். நோன்பு காலத்தில் விடுதிச் சிற்றுண்டிச்சாலை சஹர் நேரத்துக்குத் திறக்கட்டும். ஹலால் உணவும் சைவ உணவும் தனிப் பாத்திரத்தில் சமைபடட்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முகம் மூடும் உடைக்கு வந்த அவசரகாலத் தடையைச் சாக்காக வைத்து, முகம் தெரியும் ஹிஜாபையும் அபாயாவையும் வாசலில் தடுத்த சம்பவங்களை எங்கள் சகோதரிகள் மறக்கவில்லை. ஒரு மாணவியின் தலைத்துணி பாதுகாப்பு உத்தியோகத்தரின் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல என்று சுற்றறிக்கை எழுதுங்கள்.

நினைவு

1971 கிளர்ச்சியிலும் 1987–89 பயங்கரத்திலும் கொல்லப்பட்ட சிங்கள மாணவர்களைத் தென்னிலங்கை வளாகங்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றன. 1989 இல் பேராதனைக் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகள் வைக்கப்பட்டதை அங்கு படித்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அந்தத் துயரத்துக்கு முன் நாங்களும் தலை குனிகிறோம். அதே மரியாதையை எங்கள் இறந்தவர்களுக்கும் கேட்கிறோம். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டது. வாசலில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வடக்கும் கிழக்கும் கதவடைத்தது. 11 ஆம் திகதி துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் வைத்தார். ஏப்ரலில் தூபி எழுந்தது. இடித்தது எவர் கட்டளை என்பதற்கு இன்றுவரை எங்களுக்கு நேரான பதில் இல்லை. வளாகத்துக்குள் எந்த இனத்தின் நினைவுச் சின்னத்தையும் மூதவையின் பகிரங்க விவாதம் இல்லாமல் அகற்ற முடியாது என்று விதி செய்யுங்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாளில் விளக்கேற்றும் மாணவர்களைப் படம் பிடிக்க ஆட்களை அனுமதிக்காதீர்கள்.

மலையகம்

1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். ஆனால் மிகச் சிலர். நாட்டின் அனுமதி முறையில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய பட்டியலில்தான் உள்ளன. ஆனாலும் ஹட்டன் நகரப் பாடசாலைப் பிள்ளையும் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில் விழுகிறார்கள். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் அரிது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகம் சுற்றி வருகிறது. அனுமதிக் கடிதமும் நேர்முகக் கடிதமும் திகதி கடந்து கையில் கிடைத்த கதைகள் எங்களில் பலரின் குடும்பத்தில் உண்டு.

தோட்டப் பாடசாலை மாணவரை அனுமதிப் புள்ளிவிவரத்தில் தனியாக எண்ணுங்கள். பின்தங்கிய ஒதுக்கீட்டுக்குள் அவர்களுக்கு உள் ஒதுக்கீடு வேண்டும். எல்லா அறிவித்தலும் தொலைபேசிக் குறுஞ்செய்தியாகவும் போக வேண்டும், கடிதம் தாமதித்தால் பதிவுக் காலம் நீள வேண்டும். மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் என்ற நெடுநாள் கோரிக்கையை ஆதரிக்கிறோம். ஆனால் அதைக் காரணம் காட்டி மற்றப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது.

எங்களிடமும்

மாணவர் ஒன்றியங்களுக்கு இந்தப் பகுதி. விடுதி அறையில் யார் யாரோடு தங்குவது என்பதில் தமிழ் மாணவர் சிலர் இன்றும் சாதி பார்க்கிறார்கள். வன்னியான், தோட்டத்தான், சோனகன் என்று பிரித்துப் பழகுகிறார்கள். சிங்களவரின் இனவாதத்தைப் பேசிய வாயால் அடுத்த நிமிடமே முஸ்லிம் மாணவனைப் பழிக்கிறார்கள். எங்கள் ஒன்றியங்களின் யாப்பிலும் 12(2) இன் வாசகம் ஏற வேண்டும். யாழ்ப்பாண ஒன்றியத்தில் சிங்கள, முஸ்லிம் மாணவருக்கும், தெற்கு ஒன்றியங்களில் தமிழ், முஸ்லிம் மாணவருக்கும் வாக்குரிமையுள்ள நிர்வாக இடங்கள் வேண்டும். தமிழ் ஒன்றியங்கள் இதைத் தங்கள் பக்கத்தில் முதலில் செய்யட்டும். தெற்கு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கு

இனம், மொழி, மாவட்டம் வாரியாக அனுமதி பெற்றோர், இடைவிலகியோர், கல்வி ஊழியர், கல்விசாரா ஊழியர், வந்த முறைப்பாடு, தீர்ந்த முறைப்பாடு ஆகியவற்றை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனிநபர் அடையாளம் தெரியாமல் இதைச் செய்ய முடியும். கணக்கு இல்லாத இடத்தில் "எங்களிடம் இனவாதம் இல்லை" என்ற பேச்சை நாங்கள் ஏற்கமாட்டோம்.

அடுத்த கல்வியாண்டுக்கான புதுமுக மாணவர் பதிவு தொடங்குமுன், எந்தக் கோரிக்கையை எந்தத் திகதிக்குள் நிறைவேற்றுவீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று ஆணைக்குழுவும் ஒவ்வொரு துணைவேந்தரும் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை எழுத்தில், மூன்று மொழிகளிலும், ஒரே நாளில் எதிர்பார்க்கிறோம்.